கட்-ஆஃப் எவ்வளவு?

அமெரிக்காவில் கணினித் துறையில் வேலை பார்க்கும் தமிழர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் ஊரைக் கேட்பார்கள், அடுத்து கல்லூரியை. அதன் பிறகு சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி வரும்: "பன்னெண்டாவதுல கட்-ஆஃப் எவ்வளவு?"

முப்பத்தைந்து வயதைக் கடந்தவனிடம் பதினேழு வயதில் வாங்கிய மதிப்பெண் எதற்கு? கேட்கிறவருக்குத் தெரியும். கல்லூரிப் பெயரையும் கட்-ஆஃபையும் சேர்த்து வைத்தால் சாதி தெரிந்துவிடும். எந்தக் கல்லூரியில் பொதுப் பிரிவு எதில் முடிந்தது என்பது இவர்களுக்கு மனப்பாடம். முதுகைத் தட்டிப் பூணூல் தேடுவதைவிட இது கொஞ்சம் நாகரிகம், அவ்வளவுதான்.

நான் பல ஆண்டுகள் பதினைந்து மதிப்பெண் கூட்டிச் சொல்லி வந்தேன்.

என் உண்மையான கட்-ஆஃப் 200க்கு 178.25. ஆண்டு 2007. நுழைவுத்தேர்வு ரத்தான பிறகு நடந்த முதல் பொறியியல் கலந்தாய்வு அது. நுழைவுத்தேர்வு இருந்திருந்தால் நான் இங்கே இல்லை. பயிற்சி வகுப்புக்குக் கட்ட அம்மாவின் களையெடுப்புக் கூலி போதாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசு ஆதிதிராவிடர் நல விடுதி. படிப்பதும் தூங்குவதும் ஒரே கூடத்தில், தலைமாட்டில் தகரப்பெட்டி. இரவில் குழல் விளக்குக்கு நேர் கீழே இடம் பிடிக்கச் சண்டை போடுவோம். நான் கணக்கில் தேறியதற்கு அந்த இடமும் ஒரு காரணம்.

கிண்டியில் கலந்தாய்வு. பெரிய திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. "இந்தப் பொட்டிக்குள்ளயா நம்ம பேரு இருக்கு?" என்று அம்மா கேட்டார். நானும் அன்றுதான் கணினியை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

கல்லூரியில் உதவித்தொகைப் படிவம் வந்தால் அலுவலக ஊழியர் வகுப்புக்குள் வந்து, "எஸ்.சி. பசங்க எழுந்திருங்க" என்பார். அறுபது பேருக்கு நடுவே ஏழு பேர் எழுந்து நிற்போம். அன்று உட்கார்ந்திருந்தவர்களில் இருவர் இன்று நான் இருக்கும் நகரத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கட்-ஆஃப் கேட்பதில்லை, கேட்கத் தேவையில்லை.

இது என் அச்சம் மட்டுமல்ல. 2020 ஜூன் மாதம் கலிபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் இரு மேலாளர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. ஒரு தலித் பொறியாளர் ஐஐடியில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்று மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது அதிலிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. நிறுவனம் மறுத்தது. 2023இல் மேலாளர்கள் மீதான வழக்கு கைவிடப்பட்டது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. தீர்ப்பு என்னவாகவும் இருக்கட்டும். அந்தக் குற்றச்சாட்டைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பல்லாயிரம் மைல் தாண்டி வந்தவரைக் கீழே இறக்க அவர் படித்த கதையே போதுமாயிருக்கிறது. அதே 2023இல் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடைசெய்யும் மசோதாவைக் கலிபோர்னியாவின் இரு அவைகளும் நிறைவேற்றின. இருக்கும் சட்டமே போதும் என்று ஆளுநர் திருப்பி அனுப்பினார்.

மற்றவர்களும் இளமைக்கால வறுமையைச் சொல்கிறார்கள். இரண்டு அறை வீடு, அப்பாவின் பழைய ஸ்கூட்டர். பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த ஸ்கூட்டர் நின்ற வீட்டில் தாத்தாவும் பட்டதாரி என்பது மட்டும் கதையில் வராது. அது தகுதி. எனக்குக் கிடைத்த விடுதி சலுகை.

வாயைத் திறக்காதே என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விசா நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, கிரீன் கார்டு வரிசையோ பல ஆண்டு நீளம். வேலை போனால் அறுபது நாள்தான் அவகாசம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

போன மாதம் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள்: குடியேறி வந்த ஒருவரிடம் அவருடைய சிறு வயதைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டும். நோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க எங்க தங்கிப் படிச்சீங்கப்பா?"

ஹாஸ்டல் என்றேன்.

"ஹாஸ்டல் பேரு?"

சொன்னேன். ஆதிதிராவிடர் என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன்.