சூத்திரம் மந்திரம் அல்ல

இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தைப் பிள்ளைகள் இன்று மந்திரம் போல ஒப்பிக்கிறார்கள். மாலையில் ட்யூஷன் நடக்கும் வீட்டைக் கடந்து போனால் தெருவுக்கே கேட்கிறது. மனப்பாடம் கூடாது என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாடு மனப்பாடமாகத் தெரியாதவனுக்குக் கணக்கு வராது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒப்பித்த சூத்திரம் பரீட்சை ஹாலில் காலை வாரிவிடும். ஒரு குறி மாறினால் விடை போச்சு. அதோடு "எனக்குக் கணக்கு வராது" என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் கணக்கு இல்லாத குரூப்பைத் தேடுவது இதனால்தான்.

இந்தச் சூத்திரம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 628-இல் பிரம்மகுப்தர் இருபடிச் சமன்பாட்டுக்கு விடை காணும் விதியைச் சொல்லியிருக்கிறார். ஸ்ரீதரர் சொன்ன வழி இன்னும் எளிது. அவருடைய பீஜகணித நூல் கிடைக்கவில்லை. பின்னால் வந்த பாஸ்கரர் எடுத்துக்காட்டியதால் அந்த விதி பிழைத்தது. பிரேசில் நாட்டுப் பள்ளிகளில் இந்தச் சூத்திரத்துக்கே பாஸ்கரர் பெயர்தான்!

நம்மூர்க் கணக்கு ஒன்று பார்ப்போம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒருவர் மணிக்கு அரை கிலோமீட்டர் வேகம் கூட்டினால் அரை மணி முன்னதாக முடிக்கிறார். அவருடைய வழக்கமான வேகம் என்ன? வேகத்தை 'வே' என்று வைத்து ஒழுங்குபடுத்தினால், 2வே² + வே = 28 என்று வரும்.

ஸ்ரீதரர் வழி இது: வர்க்கத்தின் கெழு 2. அதன் நான்கு மடங்கான 8-ஆல் இருபுறமும் பெருக்குங்கள். 16வே² + 8வே = 224. 'வே'யின் கெழு 1. அதன் வர்க்கத்தை இருபுறமும் கூட்டுங்கள். இடப்பக்கம் (4வே + 1)², வலப்பக்கம் 225. ஆக 4வே + 1 என்பது 15 அல்லது −15. வேகம் 3.5 அல்லது −4. கிரிவலத்தில் மைனஸ் வேகத்தில் நடப்பவர் யாரும் இல்லை, ஆகவே 3.5. சரிபாருங்கள்: 3.5 வேகத்தில் 4 மணி நேரம், 4 வேகத்தில் மூன்றரை மணி நேரம். நடுவில் பின்னமே வரவில்லை. இதையே எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்துச் செய்தால் பிள்ளைகள் ஒப்பிக்கும் அதே சூத்திரம் வந்து நிற்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு முதலில் 'டெல்டா'வைக் கணக்கிடச் சொல்வார்கள். இங்கே பாடப்புத்தகத்தில் அதற்குத் தன்மைகாட்டி என்று பெயர். மேலே வந்த 225 அதுதான். அது மிகை எண்ணானால் இரண்டு விடை, பூஜ்யமானால் ஒன்று, குறை எண்ணானால் மெய்யெண் விடை கிடையாது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாளியை இறக்குவது போல.

பாடத்தை முடிக்க நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் மேலே சொன்ன ஐந்தாறு வரிக்கு ஒரு பீரியட் போதும். அதற்கப்புறம் மனப்பாடம் செய்யட்டும்; மறந்தாலும் தானே வருவித்துக்கொள்ளும் தைரியம் இருக்கும்.

வீட்டில் பத்தாவது படிக்கும் பேரனோ பேத்தியோ இருந்தால், சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். "இது எப்படி வந்தது?" என்று மட்டும் கேளுங்கள்.