மரத்தவளையின் கேடயமும் மலையகத்தின் ஓடைகளும்

இலங்கையிற் பிறந்த இராணுவ வைத்தியரான எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட், நுவரெலியாவில் தாம் கண்ட மரத்தவளையொன்றை 1853 ஆம் ஆண்டு உலகுக்கு அறிமுகப்படுத்தினார். உடலெங்கும் நட்சத்திரம் போன்ற புள்ளிகளைக் கொண்ட அவ்வினம், பின்னர் எவர் கண்ணிலும் படாமையால் அழிந்துவிட்டதாகவே பட்டியலிடப்பட்டது. ஆயினும், சிவனொளிபாதமலை என்றும் பாவா ஆதம்மலை என்றும் நாம் போற்றும் மலையைச் சூழ்ந்த காட்டில் அது உயிருடன் இருப்பதை, மெண்டிஸ் விக்கிரமசிங்க தலைமையிலான ஆய்வாளர்கள் 2013 இல் அறிவித்தனர். அதே ஆண்டு, அதே காட்டிலிருந்து எட்டுப் புதிய மரத்தவளை இனங்களையும் அவர்கள் வெளிப்படுத்தியமை குறிப்பிடத்தக்கது.

இச்சிற்றுயிர்களுக்குக் கொடுக்கோ நகமோ இல்லை. மறைவே அவற்றின் கேடயம். பகலில் இலைகளுக்கிடையே ஒடுங்கி, இரவில் இரை தேடுகின்றன. சிலவற்றின் முள்முள்ளான தோல் பாசி படர்ந்த மரப்பட்டையை ஒத்திருப்பதால், பாம்பும் பறவையும் ஏமாந்துபோகின்றன. பலவும் நீரில் முட்டையிடுவதில்லை. ஈரமண்ணில் இட்டு, மண்ணோடு கலந்து மறைக்கின்றன. அல்லது இலைகளில் ஒட்டி வைக்கின்றன. வாற்பேத்தைப் பருவமின்றி முட்டையிலிருந்து நேரே தவளைக்குஞ்சு வெளிவருவதால், மீன்களிடமும் நீர்ப்பூச்சிகளிடமும் இரையாகும் ஆபத்து இல்லை.

ஆனால், நிழலும் ஈரமும் அகன்றால் இதே கேடயம் உடைந்துவிடும். கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் 19 ஆம் நூற்றாண்டில் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. உலகில் அழிந்துபோனதாக அறிவிக்கப்பட்ட தவளையினங்களுள் கணிசமானவை இலங்கைக்குரியவை என்பது வேதனைக்குரியது. நானுஓயா போன்ற பிரதேசங்களில், தேயிலை மலைகளுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் இடையே ஓடைக்கரைகளில் எஞ்சியுள்ள மரங்களும் புதர்களுமே அவற்றின் இறுதிப் புகலிடங்களுள் அடங்குகின்றன.

இது தவளையின் பிரச்சினை மட்டுமன்று. ஓடைக்கரை மொட்டையானால் மண் சரியும், ஊற்று வற்றும், தெளிக்கப்படும் கிருமிநாசினி நீரில் கலக்கும். அந்த நீர்தான் லயன்களின் பீலிகளுக்கும் வருகின்றது. தவளை முதலிற் பாதிக்கப்படுகின்றது. தொழிலாளியின் குழந்தை அடுத்ததாகப் பாதிக்கப்படுகின்றது.

எனவே, ஓடைக்கரைகளில் மரங்களை விட்டுவைப்பதையும், அவற்றின் அருகே நஞ்சு தெளிக்காதிருப்பதையும் தோட்டக் கம்பனிகளும் மரக்கறிச் செய்கையாளரும் கடமையாகக் கொள்ளவேண்டும். அதைக் கண்காணிப்பது அரசின் பொறுப்பு. பாம்பிடமிருந்து தப்பும் வழியைத் தவளை அறியும். மண்வெட்டியிடமிருந்தும் நஞ்சிடமிருந்தும் அதைக் காக்க வேண்டியவர்கள் நாமே.