சட்டியைத் தட்டிப் பார்த்தல்

வெள்ளவத்தைச் சந்தையிலே சட்டி வாங்கும் மூதாட்டி அதனை விரலாற் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பதை நம்முட் பலர் கண்டிருப்போம். கணீரென்று ஒலித்தால் வாங்குவார். மந்தமாக ஒலித்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் உண்டெனக் கீழே வைப்பார். சட்டி உடையவில்லை, ஆயினும் அதன் அகம் அறியப்பட்டுவிட்டது. இன்றைய தொழிற்றுறையிற் 'சிதையாச் சோதனை' என வழங்குவது இதனின் வேறன்று. பொருளை வெட்டாமலும் முறிக்காமலும் அதன் குறையை அறிவதே அது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். சோற்றுக்கு அது பொருந்தும், கொதிகலனுக்குப் பொருந்தாது. ஒரே நீரில், ஒரே தீயில் வெந்தவை அரிசிமணிகள். உருக்குத் தகடுகளைப் பற்றவைத்த இணைப்போ, காலையிற் செய்தது ஒரு விதம். கைகளைத்த மாலையிற் செய்தது வேறொரு விதம். ஒன்றை வெட்டிப் பார்த்து மற்றவற்றை நம்புதல் தகாது. எல்லாவற்றையும் வெட்டிப் பார்ப்பின் கலமே எஞ்சாது. ஆகவேதான் சிதையாச் சோதனை வேண்டப்படுகின்றது.

கருவி வாங்க முற்படுவோர், "எது சிறந்தது?" என வினவுவர். "எந்தக் குறையைத் தேடுகின்றோம்?" என்பதே முதல் வினாவாதல் வேண்டும். மேற்பரப்பில் வாய்திறந்த கீறலுக்கு ஊடுருவு சாயம் போதும். உள்ளே மறைந்ததை அது காட்டாது. காந்தத் துகள் முறை இரும்புக்கும் பெரும்பாலான உருக்கு வகைகளுக்கும் உதவும். அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் உதவாது. ஊடுகதிர்ப்படம் இணைப்பினுள் அடைபட்ட வாயுக்குமிழியை நன்கு காட்டும். கதிருக்குக் குறுக்கே கிடக்கும் மெல்லிய கீறலைத் தவறவிடக்கூடும். அக்கீறலைக் கழியொலி தன் எதிரொலியாற் காட்டிக்கொடுக்கும். எல்லாம் வல்ல கருவி எதுவுமில்லை.

கிருலப்பனையில் வாகனந் திருத்துமிடமொன்றில் யான் கண்டதை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். காற்றமுக்கிப் பொறியின் உருக்குத் தாங்கியைச் சோதிக்கக் கழியொலித் தடிப்புமானி ஒன்று புதிதாக வந்திருந்தது. இளைஞர் ஒருவர் அதனைத் தாங்கியின் அடிப்புறத்தில் வைத்தார். 5.1 மில்லிமீற்றர் எனக் காட்டிற்று. உரிமையாளர் மனநிறைவுற்றார். அருகில் நின்ற முதிய தொழிலாளி மட்டும், "தம்பி, பெயின்றைச் சுரண்டிப்போட்டு வைச்சுப் பாரும்" என்றார். சுரண்டி வைத்தபோது காட்டியது 3.9!

காரணம் எளிது. உருக்கில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 5,900 மீற்றர் செல்லும். நிறப்பூச்சில் அதன் பாதிக்குங் குறைந்த வேகத்திலேயே செல்லும். ஆகவே, ஆண்டுதோறும் பூசிப் பூசி அரை மில்லிமீற்றராகிய பூச்சைக் கருவி ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட உருக்காகக் கணக்கிட்டுவிட்டது. உள்ளே தேங்கிய நீரோ தகட்டை அரித்துக்கொண்டிருந்தது. தகட்டினுள் அடுத்தடுத்து எழும் இரு எதிரொலிகளின் இடைநேரத்தை அளந்து பூச்சை விலக்கிவிடும் கருவியும் உண்டு. வாங்கியவர் அதனை விசாரிக்கவில்லை. கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கவேண்டிய முறையில் எவருங் கேட்கவில்லை.

இத்தகைய தவறு சிறு பட்டறைகளுக்கே உரியதன்று. 1989ஆம் ஆண்டு யூலை 19ஆந் திகதி, யுனைற்றெட் நிறுவனத்தின் 232ஆம் இலக்க விமானம் அமெரிக்காவின் சூ சிற்றியில் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வாற்புற எஞ்சினின் தைற்றேனியத் தட்டு பிளந்தமையே காரணம். முந்திய சாயச் சோதனையின்போதே அத்தட்டின் கீறல் காணத்தக்க அளவினதாய் இருந்ததென விசாரணையாளர் முடிவு செய்தனர். சாயம் இருந்தது, முறை இருந்தது, மனிதர் கண்ணுக்கே கீறல் தப்பியது.

எனவே என் கருத்து இது: கருவிக்குப் பணம் ஒதுக்குமுன் அதனைக் கையாளுவோரைப் பயிற்றப் பணம் ஒதுக்குக. தடிப்பறிந்த உருக்குக் கட்டையொன்றைக் கொண்டு ஒவ்வொரு முறையும் கருவியைச் சரிபார்க்க. சோதிப்பவர் "இஃது ஆகாது" என எழுதினால் அவர் தொழிலுக்கு ஊறு நேராதென உறுதி கூறுக. இம்மூன்றனுள் இறுதியதே நம்மிடை மிக அரிது. சிறு தொழிலதிபர்க்கு இவ்வளவு செலவு தாங்குமோ எனச் சிலர் கேட்பர். தாங்காதெனின் கருவியை வாங்கற்க. தேர்ந்தவரை அழைத்துச் சோதிப்பிக்க. பயிலாதார் கையிலுள்ள கருவி தரும் பொய்த் தைரியம், கருவியில்லாத அச்சத்தினுங் கொடிது.

பயில விரும்புவோர்க்கு வழியும் உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த அணுசக்தி அதிகாரசபையின் வழிவந்த இலங்கை அணுசக்திச் சபை, இச்சோதனைக்கெனக் களனியிலே தேசிய நிலையமொன்றை அமைத்துப் பயிற்சியளித்து வருகின்றது. சோதிப்போரை மூன்று படிகளாக வகுக்கும் ஐ.எஸ்.ஓ. 9712 என்னும் சர்வதேச நியமமும் உண்டு. பௌதிகவியல் வகுப்பில் எதிரொலிக் கணக்குச் செய்யும் நம் மாணவர், அக்கணக்கு ஓர் உயிரைக் காக்கவல்லதென அறிவாராக. ஆசிரியப் பெருமக்கள் ஒருநாள் அவர்களை அந்நிலையத்துக்கு அழைத்துச் செல்வாராக.

விழாக் காணும் நம் கல்லூரித் தாய் எமக்குப் பாடங்களோடு உள்ளதை உள்ளவாறு உரைக்கும் நேர்மையையும் ஊட்டினாள். தடிப்புமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள எவராலும் இயலும். பூச்சைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லும் ஒருவர் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் வேண்டும். அவர் நம் பழைய மாணவராய் இருப்பாராயின் அதனினும் பெருமை எமக்கு வேறில்லை.