ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கரும்பசை: நாம் அவசரப்பட்டுச் சொன்ன ஒரு ‘ஹராம்’



விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவிற்கு, ஒரு நாள் மஃக்ரிப் தொழுகைக்குப் பின்னர் ஒரு தந்தையார் வந்தார். அவர் கையில் மஞ்சள் மூடியிட்ட சிறிய கறுப்புக் கண்ணாடிப் புட்டி ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் பணிபுரியும் அவருடைய மகன் விடுப்பில் வந்தபோது கொண்டுவந்தது அது. மகன் சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதியவர். அங்கே அதிகாலையில் வேலைக்குக் கிளம்புவதால் சோறோ இட்லியோ ஆக்க நேரமில்லை. ரொட்டித் துண்டுதான் காலை உணவு. தினமும் ஜாமும் தேனும் தடவித் தின்று நாக்கு சலித்துவிட்டது; உப்பும் உறைப்புமாக ஏதேனும் கிடைக்காதா என்று தேடியபோது, கடையில் இந்த ‘மார்மைட்’ கிடைத்ததாம். வீட்டாருக்கும் சுவை காட்டலாமே என்று எடுத்துவந்திருக்கிறார்.

தந்தையாரின் கைப்பேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. அந்தப் பசை பீர் காய்ச்சிய பின் மிஞ்சும் கசடிலிருந்து செய்யப்படுகிறது என்று அதில் இருந்தது. “ஹஸ்ரத், இதைத் தின்னலாமா?” என்று கேட்டார். நாம் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. “பீர் என்கிறார்களே, பிறகென்ன கேள்வி? ஹராம்தான். தூக்கி எறிந்துவிடுங்கள்” என்று கூறிவிட்டோம். அன்றிரவே புட்டி குப்பைக்குப் போனது.

மறுநாள் மகன் வந்தார். கோபம் இல்லை, குரலில் மரியாதை குறையவும் இல்லை. “ஹஸ்ரத், நீங்கள் சொன்னால் சரிதான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வினிகரும் ஒரு காலத்தில் மதுவாக இருந்ததுதானே? அது எப்படி ஹலால் ஆனது?” என்றார். நம்மிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. “பார்த்துச் சொல்கிறோம்” என்றோம். அவர் ஊர் திரும்பும்வரை பார்க்கவுமில்லை, சொல்லவுமில்லை. அதன் பின் அவர் நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் பொருள் இன்னதென்று அறிவோம். மாவைப் புளிக்கவைக்கும் ‘ஈஸ்ட்’ என்னும் நுண்ணுயிரை நாம் அனைவரும் அறிவோம். பேக்கரியில் ரொட்டியை உப்பவைப்பதும் அதுவே. பார்லியை மதுவாக்குவதும் அதுவே. மது காய்ச்சி முடிந்தபின் அடியில் தங்கும் ஈஸ்டைச் செறிவூட்டி உணவாக்கலாம் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் ஜஸ்டஸ் வான் லீபிக் கண்டறிந்தார். 1902-இல் இங்கிலாந்தின் பர்ட்டன் அப்பான் டிரெண்ட் நகரில் மார்மைட் நிறுவனம் தோன்றியது. மதுவாலைகள் நிறைந்த ஊர் அது. மூலப்பொருள் பக்கத்திலேயே கிடைத்தது. ஈஸ்டில் உப்பைச் சேர்த்துச் சூடாக்கினால் அதன் உயிரணுக்கள் தம் சொந்த நொதிகளாலேயே சிதைகின்றன. மேல்தோலை வடிகட்டி நீக்கி, சாற்றை வற்றச் சுண்டவைத்தால் கரும்பசை கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் ‘வெஜிமைட்’ 1920-களில் மெல்போர்னில் இதே வழியில் உருவானது.

‘மார்மைட்’ என்ற சொல் பிரெஞ்சு மொழியில் மூடியிட்ட சமையல் பானையைக் குறிக்கும். தொடக்கத்தில் இது மண் ஜாடிகளில்தான் விற்கப்பட்டது. 1920-களில்தான் கண்ணாடிப் புட்டிக்கு மாறியது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் பக்கத்தில் வாழும் நமக்கு, ஜாடியில் ஊறும் உப்புப் பண்டம் அந்நியமானதன்று.

இனி மார்க்கத்தின் பார்வைக்கு வருவோம். ரொட்டியுடன் தொட்டுக்கொள்ளும் பொருளுக்கு அரபியில் ‘இதாம்’ என்று பெயர். நம் வீடுகளில் ‘ஆணம்’ என்கிறோமே, அதற்கு நெருக்கமான சொல். நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் வீட்டாரிடம் இதாம் கேட்டார்கள். வினிகரைத் தவிர வேறொன்றும் இல்லை என்று பதில் வந்தது. அதையே வரவழைத்து, இதாம்களில் அது சிறந்தது என்று பாராட்டியபடி உண்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

அந்த இளைஞரின் கேள்விக்கான வாசல் இங்கேதான் திறக்கிறது. மது தானாகவே வினிகராக மாறிவிட்டால் அது தூய்மையானது என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒத்துப்போகின்றன. ஏதேனும் ஒரு பொருளைச் சேர்த்து வேண்டுமென்றே மாற்றினால், ஷாஃபிஈ மத்ஹபின்படி அது தூய்மையாகாது; ஹனஃபீ மத்ஹபின்படி தூய்மையாகும். தமிழகத்தின் உட்பகுதிகளில் பெரும்பாலும் ஹனஃபீகளும், கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈகளும் வாழ்கிறோம். ஆகவே ஒரே மாவட்டத்திற்குள்ளேயே இரு வீடுகளில் இரு விடைகள் இருக்கக்கூடும். ‘ஒரு காலத்தில் மதுவாக இருந்தது, ஆகவே எப்போதும் ஹராம்’ என்ற வாதம் நம் சட்ட நூல்களில் அவ்வளவு எளிதாக நிற்பதில்லை.

ஈஸ்ட் பசையின் நிலை வினிகரின் நிலையிலிருந்தும் சற்று வேறானது. ஈஸ்ட் மதுவன்று, மதுவுக்குள் கிடந்த ஓர் உயிர்ப்பொருள். மதுவின் ஈரத்தைக் கழுவி நீக்கி, நிறமும் மணமும் சுவையும் எஞ்சாதபடி செய்தால் அது தூய்மையாகிவிடும் என்பது ஒரு சாரார் கருத்து. மதுவாலையில் பிறந்ததை நெருங்காதிருப்பதே பேணுதல் என்பது மற்றொரு சாரார் கருத்து. வெஜிமைட் இன்று ஹலால் சான்றுடன் விற்கப்படுகிறது. மலேசியாவில் மார்மைட்டைக் கஞ்சியில் கரைத்துக் குடிக்கிறார்கள். இலங்கையில் அது ரொட்டிக்கு வழக்கமான துணை.

நாம் இங்கே ஃபத்வா வழங்கவில்லை. அதற்குரிய தகுதியும் நமக்கில்லை. நம் நிலைப்பாடு இவ்வளவே: இது விசாரணைக்குரிய பொருள், ஒரு நொடியில் தீர்த்துவிடும் பொருளன்று. நாவுக்குத் தோன்றியபடியெல்லாம் இது ஹலால், இது ஹராம் என்று கூறி அல்லாஹ்வின் மீது பொய்யைக் கற்பிக்க வேண்டாம் என்று அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116-ஆம் வசனம் எச்சரிக்கிறது. அந்த வசனத்தைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறோம். அன்று மாலை அது நம் நினைவுக்கு வரவில்லை.

அவசரத் தடையால் என்ன இழப்பு வந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு வரலாறு. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகளைத் தாக்கிய கடும் இரத்தசோகையின் காரணத்தைத் தேடுவது அவருடைய பணி. ஏழை முஸ்லிம் பெண்களே மிகக் குறைந்த சத்துள்ள உணவை உண்டனர் என்பதையும், அவர்களே இந்நோய்க்கு அதிகம் ஆளாயினர் என்பதையும் அவர் கண்டார். நம் மாநிலத்துக் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்திலும் அவருடைய ஆய்வு தொடர்ந்தது. 1931-இல் சென்னையின் கோஷா மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். கோஷா அணிந்த பெண்களும் தயக்கமின்றி வந்து மருத்துவம் பெறுவதற்காக அமைந்தது அம்மருத்துவமனை. இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்கப்படுகிறது. அவர் கண்ட மலிவான மருந்து இந்த ஈஸ்ட் பசையே. இரத்தம் வற்றிய தாய்மார்கள் அதனால் தேறினர். அதிலிருந்த சத்தைப் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறிந்தனர். இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் கொடுக்கும் மாத்திரையில் இரும்புச்சத்துடன் இருப்பது அதுவே.

இதனால் அப்பசை ஹலால் ஆகிவிட்டது என்று நாம் கூற வரவில்லை. பயன் என்பது வேறு, அனுமதி என்பது வேறு. ஆயினும் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல், ஒரு தாயின் கிண்ணத்திலிருந்து எதையோ எடுத்துவிடக்கூடும். எடுக்கத்தான் வேண்டுமென்றால் எடுப்போம். ஆனால் அறிந்து எடுப்போம்.

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்.

பெயரை நம்பாதீர்கள், புட்டியில் ஒட்டிய தாளை வாசியுங்கள். மார்மைட்டின் பக்கத்திலேயே, ஏறத்தாழ அதே தோற்றத்தில் ‘போவ்ரில்’ என்னும் கரும்பசை நிற்கும். அது மாட்டிறைச்சிச் சாறு; அறுப்பு முறை தெரியாத இறைச்சியின் சாறு நமக்கு ஆகாது. 2004-இல் அதிலிருந்து மாட்டிறைச்சிச் சாற்றை நீக்கி ஈஸ்ட் சாற்றைச் சேர்த்தனர்; 2006-இல் மாட்டிறைச்சி மீண்டும் வந்துவிட்டது. அதே பெயர், அதே புட்டி, உள்ளே இருப்பது மட்டும் வேறு. ஒருமுறை விசாரித்தது எல்லாக் காலத்திற்கும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஹலால் சான்று இருந்தால் மனநிறைவோடு உண்ணுங்கள். இல்லையெனில் உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் பொருளின் விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை ஒதுக்கி வையுங்கள். ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையில் உள்ளவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார் என்ற கருத்துடைய நபிமொழி நாம் அறிந்ததே. ஆனால் அப்பேணுதல் உங்கள் தட்டுக்கு உரியது. பக்கத்து அறையில் தங்கியிருக்கும் சகோதரர் வேறோர் ஆலிமின் விளக்கத்தைப் பின்பற்றி உண்டால், அவரை இழிவாகப் பேச அது உரிமை தராது.

உப்பையும் கவனியுங்கள். 100 கிராம் மார்மைட்டில் ஏறத்தாழ 10 கிராம் உப்பு உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மெல்லிய பூச்சோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஐயமே இல்லாத இதாம்களும் ஏராளம். வளைகுடாவில் இருப்போர் குப்பூஸை வெறும் தேநீரில் நனைத்து உண்பதைக் கேள்விப்படுகிறோம். அங்கே பகாலாவிலேயே ஸஅதர் கிடைக்கும். காட்டு மூலிகை, எள், புளிப்பான சுமாக் ஆகியவை கலந்த பொடி அது. ஒலிவ எண்ணெயில் குழைத்து ரொட்டியில் தடவுவார்கள். நம் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. கொண்டைக்கடலையை எள் விழுதோடு அரைத்த ஹும்முஸும், மொச்சை போன்ற பயற்றை வேகவைத்து மசித்த ஃபூலும் உண்டு. ஐரோப்பாவிலும் அரபுக் கடைகளில் இவை கிடைக்கின்றன.

ஊரில் உள்ள தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுக்கும் பெட்டியில் இனிப்புப் பண்டம் மட்டும் வேண்டாம். பருப்புப் பொடியும், தண்ணீர் படாமல் நல்லெண்ணெயில் சுருள வதக்கிய தக்காளித் தொக்கும், புளிக்காய்ச்சலும் ரொட்டியோடு நன்றாகச் சேரும்.

சென்ற மாதம் அந்த இளைஞருக்குத் தொலைபேசியில் பேசினோம். அன்று விசாரிக்காமல் கூறியது நம் தவறு என்று சொன்னோம். வினிகரைப் பற்றியும், மத்ஹபுகளின் கருத்து வேறுபாட்டைப் பற்றியும் அறிந்தவரை விளக்கினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அன்று முதல் நான் அதை வாங்கவில்லை ஹஸ்ரத். அம்மா அனுப்பிய பொடி தீரும்வரை அதையே தடவிக்கொண்டேன்” என்றார். அதற்கடுத்து, அங்கே விற்கும் ஒரு பாலாடைக்கட்டியைப் பற்றிக் கேட்டார். அதை உறையவைக்கும் பொருள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறதாமே, அது கூடுமா என்றார். “நமக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறோம்” என்றோம். இம்முறை ஒரு வாரத்திற்குள் சொல்லியும்விட்டோம்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் வந்த கேள்விகள் பலவற்றுக்கு ‘அறியேன்’ என்றே விடையளித்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. அவ்வளவு பெரிய அறிஞரின் நாவில் வந்த அச்சொல், நல்லூரில் பாடம் நடத்தும் நம் நாவில் வரத் தயங்கியது. தூரத்தில் வாழும் பிள்ளைகள் ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நம்மிடம் கேட்கிறார்கள் என்றால், ஈமான் அவர்களைக் கேட்கச் செய்கிறது. நம் அவசர விடை அக்கேள்வியின் வாயை அடைத்துவிடக் கூடாது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தூய்மையான ரிஸ்க்கையும், அறிந்து பேசும் நாவையும் அருள்வானாக. ஆமீன்.