நாய்க்கடி நஞ்சு போகும் பாதை

நாய் இல்லாத லயம் எங்கே இருக்கிறது? காட்டுப் பன்றியை விரட்டவும், இருட்டில் ஆள் அரவம் கேட்டுக் குரைக்கவும் நமக்கு அதுதான் காவல். தோட்டத்தை விட்டுப் பாயான் பாரு பக்கம் குடிவந்தவர்களுக்கும் அந்தப் பாசம் போவதில்லை. ஆகவேதான் 2015-ஆம் ஆண்டு, முதலில் பெர்லிஸிலும் கெடாவிலும், செப்டம்பரில் நம் பினாங்கிலும் வெறிநாய் நோய் தலைகாட்டியபோது பலரும் கலங்கிப் போனார்கள். தெருநாய்களைக் கொல்வதா, ஊசி போட்டுக் காப்பதா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. அந்த வாதத்தில், நோய் உடம்புக்குள் எப்படிப் பரவுகிறது என்பதை விளக்கியவர்கள் குறைவு.

நஞ்சு இரத்தத்தோடு தலைக்கு ஏறுகிறது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள்; கடித்த இடத்துக்கு மேலே கயிற்றைக் கட்டுகிறார்கள். இதில் பயனில்லை. எச்சிலோடு வந்த கிருமி, பல் பதிந்த தசையில் தங்கிப் பெருகுகிறது. பிறகு அங்குள்ள நரம்பின் நுனியைப் பற்றிக்கொண்டு, முதுகுத்தண்டை நோக்கி மெல்ல மெல்ல ஏறுகிறது. ஒரு நாளில் அது கடக்கும் தூரம் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர்தான். காலில் கடித்தால் மூளைக்கு வழி நீளம். முகத்தில் கடித்தால் குறுக்கு வழி. குனிந்து நாயோடு விளையாடும் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம் என்பது இதனால்தான். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் நோய் வெளிப்படும்.

மூளையைப் பிடித்த கிருமி அங்கேயே நிற்பதில்லை. மறுபடி நரம்பு வழியாகவே இறங்கி எச்சில் சுரப்பிக்கு வந்து சேருகிறது. தொண்டை இறுகி விழுங்க முடியாமல் எச்சில் வழியும் வேளையில்தான் நாய்க்குக் கடிக்கும் வெறியும் வருகிறது! எல்லா நாயும் வெறிகொண்டு ஓடும் என்றும் எண்ண வேண்டாம். சில நாய்கள் தாடை தொங்கி மூலையில் சும்மா கிடக்கும். எலும்பு சிக்கியதோ என்று அதன் வாய்க்குள் கைவிடாதீர்கள்.

1986-இல் இங்கிலாந்தில் கண்டறிந்த பைத்திய மாட்டு நோயும் இப்படித்தான், தீவனத்தோடு குடலில் புகுந்து நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. அதற்குக் காரணம் கிருமியல்ல, உருமாறிய ஒருவகைப் புரதம். அதைத் தடுக்க ஊசியும் இல்லை. வெறிநாய் நோயிலோ, நரம்பில் ஏறும் அந்த நாட்கள் நமக்குக் கிடைத்த அவகாசம். ஆனால் நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிது. 2017-இல் சரவாக்கில் இறந்த பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார்கள் பயமுறுத்துவது பழைய கதை. 1907-இல் நீலகிரிக் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையத்தில் செம்மறியாட்டு மூளையிலிருந்து அந்த மருந்து தயாரானது. இன்றைக்குத் தோளில் நாலைந்து ஊசிதான். காயம் ஆழமானால் காயத்தைச் சுற்றியும் மருந்து செலுத்துவார்கள்.

கடிபட்ட பிள்ளை அடிக்குப் பயந்து சொல்லாமல் மறைக்கும். தாய்மார்களே, திட்டாமல் கேளுங்கள். சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். தசையில் தங்கிய கிருமி நரம்பைத் தொடுமுன் பெருமளவு அழியும். அன்றே கிளினிக்குக்குப் போங்கள். நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிப்போட்டுக் கால்நடை இலாகாவுக்குத் தெரிவியுங்கள். பத்து நாள் கழித்தும் அது நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். அதுவரை ஊசியை நிறுத்தி வைக்காதீர்கள்.