குடிப்பது வெளிப்படை, நிறுத்துவது இரகசியமா?

எமது சமூகத்தில் மது அருந்துவது இன்று ஒளித்துச் செய்யும் காரியமல்ல. திருமண வரவேற்பிலும் பிறந்தநாள் விழாவிலும், ஏன், மரணவீட்டின் பின்வளவிலும்கூடப் போத்தல்கள் திறக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்திலும் இதுதான் நிலை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இதுதான் நிலை. ஆனால், அதே மனிதர் ஒருநாள் "என்னால் இதை நிறுத்த முடியவில்லை" என்று உணர்ந்து உதவி தேடும்போது மாத்திரம் குடும்ப மானம் குறுக்கே வந்து நிற்கிறது. குடித்து விழுந்தவரைக் கைத்தாங்கலாக வீட்டிற்குக் கொண்டுவர வெட்கப்படாத நாம், அவரை ஒரு மீட்புக் குழுவின் கூட்டத்திற்கு அழைத்துச் செல்ல வெட்கப்படுகிறோம்.

இதில் பத்திரிகைத் துறையினர் மற்றவர்களுக்கு உபதேசம் செய்யும் தகுதியுடையோர் அல்லர். ஆற்றல் மிக்க எத்தனையோ பேனாக்களை மது விழுங்கியிருக்கிறது. அவர்களது மரணச் செய்திகளில் "சிறிது காலம் சுகவீனமுற்றிருந்தார்" என்ற ஒரு வரியோடு நாம் உண்மையை முடித்துக்கொண்டோம்.

உலகெங்கும் அறியப்பட்ட மீட்புக் குழுவான அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ.) தோன்றிய வரலாறு இங்கே நினைவுகூரத்தக்கது. 1935 மே மாதம், நியூயோர்க்கைச் சேர்ந்த பங்குத்தரகர் பில் வில்சன், ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் ஒரு ஹோட்டலில் தனித்திருந்தார். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரம் கைகூடவில்லை. மதுச்சாலையின் ஆரவாரம் காதில் விழுந்தது. அவர் அங்கே செல்லாமல், தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, தம்மைப்போல் குடியால் அவதிப்படும் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டார். அவ்வாறு கிடைத்தவரே டொக்டர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். பதினைந்து நிமிடம் மட்டும் பேசுவதாக வந்த வைத்தியர், ஆறு மணிநேரத்துக்கு மேல் இருந்து பேசினார். அவர் இறுதியாக மது அருந்திய நாளான 1935 ஜூன் 10 ஆம் திகதியே இந்த இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது.

வைத்தியராக இருந்தும் அவரால் தம்மைத் தாமே குணப்படுத்த முடியவில்லை என்பதுதான் இதிலுள்ள பாடம். அதே பள்ளத்தில் விழுந்து எழுந்த இன்னொருவரின் சொல்லே அவரைத் தொட்டது.

கூட்டத்தில் நடப்பது மிகவும் எளிமையானது. ஒருவர் பின் ஒருவராகத் தமது அனுபவத்தைச் சொல்வார்கள். ஏனையோர் குறுக்கிடாமல் கேட்பார்கள். பேச விரும்பாதவர் பேசாதிருக்கலாம். முதற்பெயர் மட்டும் போதும். கட்டணம் இல்லை, விரும்பியவர்கள் இடும் சில்லறையே செலவை ஈடுசெய்கிறது. குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்புரிமைக்கான தகுதி. 'திறந்த' கூட்டங்களுக்கு உறவினரும் செல்லலாம். 'மூடிய' கூட்டங்கள் மதுப் பிரச்சினை உடையவர்களுக்கு மட்டுமே உரியவை. குடும்பத்தினருக்கென 1951 முதல் அல்-அனொன் என்ற தனி அமைப்பு இயங்குகிறது.

"அங்கே தெரிந்த யாராவது இருந்துவிட்டால்?" என்பதே எம்மவரின் முதற் கேள்வி. இருந்தால் என்ன? அவரும் அதே காரணத்திற்காகத்தானே வந்திருப்பார்? கேட்டதை வெளியே கொண்டுசெல்லாமையே இவ்வியக்கத்தின் அடித்தளம். மொழி தடையென்று சொல்வோரும் உளர். தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் நடைபெறுகின்றன. 2020 இன் கொரோனா முடக்கத்திற்குப் பின்னர் இணையவழிக் கூட்டங்களும் பெருகியுள்ளன. இறைநம்பிக்கை சார்ந்த ஏ.ஏ.யின் வழி ஒவ்வாதோருக்கு, 1994 இல் தொடங்கப்பட்ட ஸ்மார்ட் ரிகவரி போன்ற மாற்று அமைப்புகளும் உண்டு. ஒரு குழு மனதுக்குப் பிடிக்கவில்லையெனின் இன்னொன்றுக்குச் செல்லவேண்டுமே தவிர, முதல் நாளோடு கைவிடலாகாது.

இதனால் பயன் உண்டா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு, 10,000 பேருக்கு மேல் பங்குகொண்ட 27 ஆய்வுகளை ஆராய்ந்து 2020 இல் அறிக்கை வெளியிட்டது. குடியிலிருந்து முற்றாக விலகியிருப்பதில், முறைப்படி ஏ.ஏ. வழியில் ஆற்றுப்படுத்தப்பட்டோர் ஏனைய உளவளச் சிகிச்சைகளைப் பெற்றோரைவிடக் கூடுதல் வெற்றி கண்டதாக அது கூறுகிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். நெடுங்காலம் மிகையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்படலாம், உயிராபத்தும் உண்டு. எனவே, அத்தகையோர் முதலில் நாடவேண்டியவர் வைத்தியர். குழு அதற்குப் பிந்திய நீண்ட பயணத்துக்கானது.

மறைப்பதை மறுத்த ஒரு பெண்மணியை இங்கு குறிப்பிட வேண்டும். சென்னையின் பெயர்பெற்ற தொழில் குடும்பமொன்றின் மருமகளான சாந்தி ரங்கநாதன், தமது கணவரை மதுவுக்குப் பறிகொடுத்தவர். குடும்ப மானம் கருதி அவர் மௌனம் காக்கவில்லை. 1980 இல் கணவரின் பெயரிலேயே சிகிச்சை நிலையமொன்றை நிறுவினார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் பயன்பெற்றன.

எமது ஆலயங்களிடமும் ஊர்ச் சங்கங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் கேட்பது பெரிதொன்றுமில்லை. இராப்போசன விருந்துகளுக்குத் திறக்கப்படும் மண்டபத்தில், வாரம் ஒரு மாலை ஓர் அறையை இத்தகைய கூட்டத்துக்குச் சிறு வாடகைக்குக் கொடுங்கள். ஆண்டு மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களுள் அரைப் பக்கத்தில், அண்மையிலுள்ள குழுவின் தொலைபேசி இலக்கத்தை அச்சிடுங்கள். அதைப் பார்த்து யார் அழைத்தார் என்பது யாருக்கும் தெரியவேண்டியதில்லை.