போனக்காடு ஜீப்பும் டீசல் கணக்கும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவிலிருந்து போனக்காடு தோட்டத்துக்கு ஏறும் மலைப்பாதையில், பஸ் தவறிவிட்டால் ஜீப்பைத் தவிர வேறு கதியில்லை. அகத்தியர்கூடம் மலையேற வருகிறவர்கள் அந்தக் குலுக்கலை ஒரு நாள் அனுபவித்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்த பிறகும் லயங்களிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் நிலை அதுவல்ல. அவர்களுக்கு ஆஸ்பத்திரியும் கூலி வேலையும் கீழே இருக்கின்றன. கேரளத்தில் 2021-லேயே டீசல் லிட்டருக்கு 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஜீப் குடிக்கும் டீசல் கடைசியில் கூலிக்காரரின் மடியைத்தான் கடிக்கிறது. ஆகவே ஒரு சிறிய லிவரைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சாகாது.

சாதாரண ஜீப்பில் எஞ்சினின் சக்தி பின் சக்கரங்களுக்கே போகிறது. கியர் லிவருக்குப் பக்கத்திலுள்ள சிறிய லிவரைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். இதைத்தான் ஓட்டுநர்கள் 'ஃபோர் வீல் போடுவது' என்கிறார்கள். மலை என்றாலே ஃபோர் வீல்தான் என்று கருதி, விதுராவில் புறப்படும்போதே போட்டுவிட்டால், நல்ல தார் ரோட்டிலும் வண்டி வீணாக உழைக்கும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். லிவரோ இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி கட்டிப்போட்டிருக்கிறது. அதனால் டயர் தரையில் தேய்கிறது, ஸ்டியரிங் கனக்கிறது, டீசல் கூடுதலாக எரிகிறது. நடுவில் தனி டிஃபரன்ஷியல் வைத்த விலையுயர்ந்த வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மலையில் வாடகைக்கு ஓடும் பழைய ஜீப்புகளுக்கு அந்த வசதி ஏது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டி, தவறான லிவரால் 9 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் 11 லிட்டர் கூடுதலாகும். ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். டயர் தேய்மானம் இதில் சேரவில்லை.

'லோ' கியர் இன்னும் பெரிய செலவாளி. பழைய வில்லிஸ் ஜீப்பில் அதன் விகிதம் 2.46. அதாவது, அதே கியரில் அதே வேகத்தில் போக எஞ்சின் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சுற்ற வேண்டும். செங்குத்தான ஏற்றத்துக்கும், பிரேக்கை நம்ப முடியாத இறக்கத்துக்கும் உரியது அது. வண்டியை நிறுத்தியோ, நிற்கும் தறுவாயிலோதான் அதை மாற்ற வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு, சிக்கனம் என்ற பெயரில் சேற்றிலும் பின் சக்கரத்தையே நம்புவது அதைவிடப் பெரிய தவறு. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றால், எரிந்த டீசலுக்கு ஓர் அடி தூரம்கூடக் கிடைக்காது, கிளட்சும் கருகும். ஆள் நிறைந்த வண்டி பள்ளத்தின் பக்கம் வழுக்கினால் கணக்குப் பார்க்க நேரமிருக்காது. சேறும் உருளைக் கல்லும் தொடங்கும் இடத்தில் லிவரைப் போடுவதும், தார் தொடங்கியதும் எடுப்பதுமே முறை. எடுக்க வராமல் இறுகிக்கொண்டால், நேராகச் சில அடி பின்னால் வந்தால் பெரும்பாலும் விடுபடும். நான்கு டயர்களும் ஒரே அளவில், சரியான காற்றோடு இருப்பதும் அவசியம். முன்னும் பின்னும் அளவு வேறுபட்டால் நேர் ரோட்டில்கூட வண்டி தன்னோடு தானே மல்லுக்கட்டும்.

ஓட்டுநரால் ஆவது இவ்வளவுதான். ஃபோர் வீல் இல்லாமல் நகர முடியாதபடி பாதை உடைந்து கிடக்கும் இடத்தில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மழை ஓய்ந்ததும் அத்தகைய இடங்களைச் செப்பனிடப் பொறுப்புள்ள துறைகள் முன்வர வேண்டும். சில நூறு பேர் வாழும் மலைக்கு இத்தனை செலவா என்று கேட்கும் அதிகாரிகள், அந்தச் சில நூறு பேர் ஆண்டுதோறும் டீசலாகக் கொடுத்துக்கொண்டிருக்கும் பணத்தையும் மதிப்பீட்டில் சேர்க்கட்டும்.